வாழ்வின் பொருள்

மனிதப் பிறவிக்கு ஒரு நோக்கம் உண்டா, உண்டென்றால் அதை வகுத்தவர் யார், அதற்கேற்ப எப்படி வாழ்வது என்னும் கேள்விகளைத் தத்துவமும் சமயங்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றன. விடைகள் பலவாயினும் அவற்றுக்கிடையே ஒரு பிரிவினைக் கோடு தெளிவாகத் தெரியும். நோக்கம் முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது, அதைக் கண்டுகொள்வதே நம் வேலை என்பார் ஒரு சாரார். அப்படி எதுவும் வகுக்கப்படவில்லை, மனிதன்தான் தன் வாழ்வுக்குப் பொருள் தேடிக்கொள்ள வேண்டும் என்பார் மறு சாரார். வைதிக மரபுகளும் பௌத்தம், சமணம், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவையும் பெரும்பாலும் முதல் பக்கம் நிற்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் இருத்தலியலார் இரண்டாம் பக்கம் நிற்கிறார்கள். இம்மையைத் தாண்டி எதையும் தேடாதே என்ற உலகாயதர், காலத்தால் மிக முந்தியவர்களாயினும், இவர்களுக்கு நெருங்கிய உறவினர்.

இரு சாராரும் தொடங்கும் இடம் ஒன்றே. எல்லாம் ஒருநாள் முடிந்துபோகும் என்ற அறிவுதான் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. நிலையாமையைக் கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

கிணற்றில் தொங்கியவன் கதை

மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில், நூறு பிள்ளைகளையும் போரில் பறிகொடுத்த திருதராஷ்டிரனுக்கு விதுரன் ஒரு கதை சொல்கிறான். காட்டில் வழிதப்பிய அந்தணன் ஒருவன் கொடிகள் மூடிய பாழ்கிணற்றில் விழுகிறான். கொடி காலில் சிக்க, தலைகீழாகத் தொங்குகிறான். கீழே பாம்பு. கிணற்றின் விளிம்பிலோ ஆறு முகமும் பன்னிரண்டு காலும் உடைய யானை. அங்குள்ள மரத்தின் வேரைக் கறுப்பு எலிகளும் வெள்ளை எலிகளும் கொறித்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஒரு தேனடை. அதிலிருந்து ஒழுகும் தேனை அவன் குடித்துக்கொண்டே இருக்கிறான், ஆசை அடங்கவில்லை. விதுரனே விளக்கமும் சொல்லிவிடுகிறான். யானை என்பது ஆண்டு, அதன் முகங்கள் பருவங்கள், கால்கள் மாதங்கள். எலிகள் பகலும் இரவும். தேன் புலனின்பம். அவன் தொங்கும் கொடி உயிர்வாழும் ஆசை.

இந்தக் கதை சென்ற தூரம் வியப்பூட்டுவது. சமணர்கள் இதைத் தேன்துளிக் கதையாகப் போற்றி, சங்கதாசரின் வசுதேவஹிண்டியிலும் 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய பரிசிஷ்ட பர்வத்திலும் வைத்தார்கள். தமிழில் தோலாமொழித்தேவரின் சூளாமணி, யானை துரத்தப் பாம்புறையும் குழியில் தொங்குபவன் தேன்துளியை நக்குவது போன்றதே மானிட இன்பம் என்று ஒரே பாட்டில் சொல்லி முடிக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அரபியில் தந்த கலீலா வதிம்னாவின் முன்னுரைப் பகுதியில் இதே கதை வருகிறது. புத்தரின் வரலாறு உருமாறிக் கிறிஸ்தவப் புனிதர் கதையான ‘பர்லாமும் யோசபாத்தும்’ வழியாக அது ஐரோப்பாவுக்கும் போனது. அங்கே யானைக்குப் பதில் ஒற்றைக்கொம்பு விலங்கு துரத்தியது.

19ஆம் நூற்றாண்டில் அது ரஷ்ய எழுத்தாளர் லெவ் டால்ஸ்டாயின் (1828–1910) கைக்கு வந்தது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ ஆகிய இரு பெரும் நாவல்களை எழுதி முடித்து, பண்ணை, குடும்பம், உலகப் புகழ் எல்லாம் கைகூடியிருந்த ஐம்பதாம் வயதை ஒட்டி அவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இதெல்லாம் எதற்கு, அப்புறம் என்ன? விடை கிடைக்காமல், இரவில் தனியே உடைமாற்றும் அறையிலிருந்து கயிற்றை அப்புறப்படுத்தினார். துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். தன்னையே தான் நம்ப முடியாத நிலை. ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற நூலில் இவற்றை எழுதும்போதுதான் கிணற்றுக் கதையை எடுக்கிறார். தமக்கு எஞ்சியிருந்த இரண்டு தேன்துளிகள் குடும்ப அன்பும் எழுத்தும் என்றும், அவையும் இனிக்காமல் போய்விட்டன என்றும் சொல்கிறார். 1882இல் முடிந்த அந்நூலை ரஷ்யத் தணிக்கை தடுத்தது. 1884இல் ஜெனீவாவில் அது அச்சேறியது.

விதுரனும் சமண முனிவர்களும் கதையின் முடிவில் துறவைக் காட்டினார்கள். பர்லாம் கதை கிறிஸ்துவைக் காட்டியது. டால்ஸ்டாய் நெடுநாள் அலைந்து கடைசியில் எழுத்தறியாத உழவர்களின் நம்பிக்கையில் வந்து நின்றார். தம் வகுப்பைச் சேர்ந்த படித்தவர்கள் சாவைக் கண்டு நடுங்க, உழைத்துக் களைத்த எளியவர்கள் அதை அமைதியாக ஏற்பதைப் பார்த்து, பொருள் அவர்கள் வாழும் முறையில் இருக்கிறது என்று முடிவுசெய்தார்.

உறுதிப்பொருள்கள்

இந்திய மரபில் மனிதன் நாடத்தக்கவை அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு. வடமொழியில் இவை புருஷார்த்தங்கள். மற்ற நாட்டுத் தத்துவங்கள் பெரும்பாலும் ஒற்றை உச்ச நன்மையைத் தேட, இங்கே நோக்கம் பன்மையில் வைக்கப்பட்டது. இதன் அருமையைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. சம்பாதிப்பதும் காதலிப்பதும் வாழ்வின் நோக்கத்துக்கு இடையூறுகள் அல்ல, நோக்கத்தின் பகுதிகளே என்று அறநூலார் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள்.

நான்கில் எது தலையாயது என்ற வழக்கு மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் நேரடியாகவே நடக்கிறது. அறமே முதன்மை என்கிறான் விதுரன். பொருள் இல்லாமல் மற்ற இரண்டும் நடவா என்கிறான் அருச்சுனன். நகுலனும் சகாதேவனும் அறத்தோடு கூடிய பொருளை ஆதரிக்கிறார்கள். வீமன் எழுந்து, ஆசை இல்லாதவன் அறத்தையும் நாட மாட்டான், பொருளையும் தேட மாட்டான், ஆகவே காமமே எல்லாவற்றுக்கும் வேர் என்று வாதிடுகிறான். கடைசியில் தருமன் வீட்டின் பக்கம் நிற்கிறான். வீமனின் வாதத்தை யாரும் எளிதில் உடைத்துவிட முடியாது. முனிவர்கள் வீடுபேற்றை நாடுவதும் ஓர் ஆசைதானே என்பது அவன் கட்சி.

தமிழில் தொல்காப்பியம் இன்பம், பொருள், அறம் என்ற மூன்றையே களவியலின் தொடக்கத்தில் சொல்கிறது. நான்காவது பின்னர் வந்து சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், ஒரு நூலைக் கற்பதன் பயனே இந்த நான்கையும் அடைவதுதான் என்கிறது. இலக்கணம் கற்கும் மாணவனுக்கு முதல் பாடத்திலேயே வாழ்வின் நோக்கம் சொல்லப்பட்டுவிடுகிறது.

திருக்குறளின் அமைப்பு இந்த விவாதத்தில் தனி இடம் பெறுவது. 133 அதிகாரங்களில் அறத்துக்கு 38, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. வீட்டுக்குத் தனிப்பால் இல்லை. வீடு சிந்தைக்கும் சொல்லுக்கும் எட்டாதது, ஆகவே அதை நேரே விளக்க முடியாது, அதற்கு வழியாகிய துறவறத்தைச் சொல்வதன் மூலமே சொல்ல முடியும் என்று பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் காரணம் காட்டுகிறார். நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் என்று அடுத்தடுத்து வரும் அதிகாரங்கள் அவருக்குச் சான்றாகின்றன. வள்ளுவர் இம்மை வாழ்வையே முழுமையாகக் கருதியதால்தான் வீட்டுப்பாலை விட்டார் என்று 20ஆம் நூற்றாண்டில் வாதிட்டவர்களும் உண்டு. நூலில் அந்த நான்கு அதிகாரங்களும் கண்முன் இருக்கையில் பின்னவர்களின் வாதம் வலுவிழக்கிறது. ஆனால் மொத்த நூலில் ஏறத்தாழப் பாதி அரசு, அமைச்சு, நட்பு, உழவு, சூது, மருந்து என்று உலகியலுக்கே தரப்பட்டிருப்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கும் முந்திய சங்கப் பாடல்களில் வீடுபேறு பேச்சாகவே இல்லை எனலாம். புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரர் உலகாளும் மன்னனையும் இரவும் பகலும் உறங்காமல் விலங்கைத் தேடும் வேட்டுவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். இருவருக்கும் உண்பது ஒரு நாழிச் சோறு, உடுப்பது இரண்டு துணி. எனவே செல்வத்தின் பயன் கொடுப்பதே, தானே துய்ப்பேன் என்பவன் இழப்பது நிறைய என்று முடிக்கிறார். 194ஆம் பாட்டின் பக்குடுக்கை நன்கணியாரோ ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் கேட்கும் உலகைக் காட்டி, இதைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சொல்லிவிடுகிறார். ஆனாலும் இதன் இயல்பறிந்தோர் இனியவற்றைக் கண்டுகொள்ளட்டும் என்கிறார். துறவும் இல்லை, மறுமையும் இல்லை. கொடுமையை ஒப்புக்கொண்டு இனிமையைத் தேடும் இந்த நிலைப்பாடு, பிற்காலத்தில் ஐரோப்பியர் பெரிய நூல்கள் எழுதி வந்து சேர்ந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

பௌத்தமும் சமணமும் எதிர்த்தரப்பும்

பௌத்தத்தில் வாழ்வின் இயல்பு துக்கம், அதன் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துக்கம் அறும், அதற்கு எண்வகை நெறி உண்டு. உலகம் அழியுமா அழியாதா, உடலும் உயிரும் ஒன்றா வேறா என்று மாலுங்கியபுத்தர் வற்புறுத்திக் கேட்டபோது புத்தர் விடை தர மறுத்தார். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவனின் குலமும் வில்லின் வகையும் தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்தே போவான் என்பது அவர் சொன்ன காரணம். இப்பகுதி பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. ஆக, வாழ்வின் பொருள் என்ன என்பதைவிட நோவைத் தீர்ப்பது எப்படி என்பதே அங்கே முதற்கேள்வி.

சமணத்தில் உயிர் இயல்பாகவே முடிவிலா அறிவும் இன்பமும் உடையது. வினை அதன்மேல் படிந்திருக்கிறது. புதிய வினை சேராமல் தடுத்து, பழையதைத் தவத்தால் உதிர்ப்பதே வாழ்வின் வேலை. இது ஏட்டோடு நின்ற கொள்கை அல்ல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள பழங்கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அறிவிக்கிறது. பாறையில் வேறு புகழுரை எதுவும் இல்லை. நாள் எண்ணிக்கையும் பெயரும் மட்டுமே. தன் கொள்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சான்று வேறெங்கும் காண்பது அரிது.

தமிழில் பல சமயங்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசுவது பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27ஆம் காதையில். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமாகச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பதின்மர். பிறப்பும் இறப்பும் இன்பமும் துன்பமும் கருவிலேயே அமைந்தவை என்பது ஆசீவகரின் முடிவு. கடைசியில் வருகிற பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேரும்போது கள்ளில் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போய்விடுகிறது, பயனெல்லாம் இப்பிறப்பிலேயே, மறுமை என்பது பொய் என்கிறான். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்பது அவன் அளவை. மணிமேகலை சிரித்து, அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

ஆனால் அந்தக் காப்பியத்தின் உண்மையான விடை தர்க்கத்தில் இல்லை என்பதே என் கருத்து. அது அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரமாகிய அமுதசுரபியில் இருக்கிறது. பிறவியின் பயனைத் தேடி அலைகிற பெண் ஊர் ஊராகச் செய்யும் வேலை பசித்தவர்களுக்குச் சோறிடுவது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்வது. தத்துவ விளக்கம் எல்லாம் கடைசிக் காதைகளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

பிறவியே வேண்டும் என்றவர்கள்

பிறவி ஒரு பிணி, அதிலிருந்து விடுபடுவதே நோக்கம் என்ற கருத்து நாட்டில் வேரூன்றிய காலத்தில், 7ஆம் நூற்றாண்டு தொடங்கி நாயன்மார்களும் ஆழ்வார்களும் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தில்லையில் ஆடும் பெருமானின் புருவத்தையும் புன்முறுவலையும் தூக்கிய திருவடியையும் காணக் கிடைக்குமானால் மனிதராய்ப் பிறப்பதும் விரும்பத்தக்கதே என்று அப்பர் பாடினார். அரங்கனின் பெயரைச் சொல்லும் சுவையை விட்டு வானுலகை ஆளும் பதவி கொடுத்தாலும் வேண்டாம் என்றார் தொண்டரடிப்பொடியாழ்வார். உடல், கண், காது, நாக்கு எல்லாம் துறக்க வேண்டிய தளைகள் என்ற நிலை மாறி, இறைவனைக் காணவும் பாடவும் வாய்த்த கருவிகளாயின. அப்பர் கையில் உழவாரத்தோடு கோயில் திருமுற்றங்களில் புல் செதுக்கியது இதன் செயல்வடிவம். இந்திய ஆன்மிக வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். வாழ்வை மறுக்காமலே அதைக் கடக்கலாம் என்று தமிழ் நிலம் கண்டு சொன்னது.

இந்த உணர்ச்சிக்குத் தத்துவ அடித்தளம் அமைத்தது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் இறைவனாகிய பதி, உயிராகிய பசு, தளையாகிய பாசம் மூன்றும் என்றும் உள்ளவை என்று நிறுவினார். உயிரை அநாதியாகவே மூடியிருப்பது ஆணவம் என்னும் மலம். அந்த இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் மாயையிலிருந்து உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகியவற்றைப் படைத்துத் தருகிறான். உலகம் பொய்த்தோற்றம் அன்று, தண்டனைக்கூடமும் அன்று. உயிர் பக்குவப்படுவதற்காக அருளால் தரப்பட்ட இடம். இன்பமும் துன்பமும் பட்டுப் பட்டு, நல்வினை தீவினைப் பயன்களை ஒப்ப நோக்கும் நிலை வாய்க்கும்போது மலம் நீங்கும் பருவம் வருகிறது. முத்தியிலும் உயிர் அழிந்து கரைவதில்லை. சிவானந்தத்தை நுகர்ந்துகொண்டு திருவடியில் நிற்கிறது. ‘ஏன் இவ்வளவு துன்பம்’ என்ற கேள்விக்கு இங்கே தரப்படும் விடை எல்லோரையும் நிறைவு செய்யாது. ஆனால் துன்பத்தையும் சேர்த்தே வாழ்வுக்குப் பொருள் சொல்ல முயன்ற மிக ஒழுங்கான கட்டமைப்புகளுள் இது ஒன்று.

சங்கரரின் அத்வைதம் இதற்கு மாறானது. அங்கே ஆன்மாவும் பிரமமும் வேறல்ல. அறியாமை நீங்குவதே வீடு. புதிதாக அடைய வேண்டியது எதுவும் இல்லை. இதே நோக்கில், 1902 வாக்கில் திருவண்ணாமலை விரூபாட்சிக் குகையில் மௌனமாக இருந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக்காட்டிய விடைகள் பின்னர் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. வாழ்வின் பொருளைக் கேட்பவனை, முதலில் கேட்பது யார் என்று பார்க்கச் சொல்வதே அதன் முறை.

ஒரே இறைவனை வழிபடும் சமயங்கள்

யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளில் உலகம் இறைவனின் படைப்பு. படைத்தவனுக்கு ஒரு நோக்கம் உண்டு. மனிதன் அதற்கு இணங்கி நடக்க வேண்டியவன். ஆயினும் ஐயத்தின் குரலையும் இந்த வேதங்கள் தம்முள்ளேயே வைத்துக் காத்தன. விவிலியத்தின் பிரசங்கி என்ற நூல் அறிவு, செல்வம், இன்பம், உழைப்பு என ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து எல்லாவற்றையும் வீண் என்று தள்ளுகிறது. அதன் பின்பே இறையச்சத்துக்கு வருகிறது. யோபுவின் நூலில் குற்றமற்றவன் தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு இறைவனோடே வழக்காடுகிறான். கிறிஸ்தவ இறையியலில் தோமா அக்குவினாஸ் (1225–1274) மனிதனின் முழு நிறைவு இறைவனை நேரே காண்பதில் இருக்கிறது என்றும், அது இம்மையில் முற்றாக வாய்க்காது என்றும் கற்பித்தார். சீர்திருத்தத் திருச்சபையின் 1647ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையில் முதல் வினாவே மனிதனின் தலையாய நோக்கம் பற்றியது. இறைவனை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றென்றும் மகிழ்ந்திருப்பதும் என்பது விடை. பிள்ளைகளுக்கான பாடநூல் இந்தக் கேள்வியோடு தொடங்கியதும், நன்னூல் மாணவனுக்கு நூற்பயன் சொன்னதும் ஒரே அக்கறையில் பிறந்தவை.

இஸ்லாத்தில் மனிதன் படைக்கப்பட்டதே இறைவனை வணங்குவதற்காக. வணக்கம் என்பது தொழுகையோடு முடிவதில்லை. நேர்மையான வாணிபமும் குடும்பக் கடமையும் ஏழைவரியும் அதில் அடங்கும். இம்மை ஒரு சோதனை. மறுமையில் கணக்கு உண்டு. இந்த நம்பிக்கைக்குள் வாழ்ந்துகொண்டே பொருள் தேடித் தவித்த பெருமகனார் இமாம் கஸ்ஸாலி (1058–1111). 1091இல் பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் தலைமைப் பேராசிரியர் ஆனார். முன்னூறு மாணவர்கள், அரசவைச் செல்வாக்கு, நாடெங்கும் புகழ். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி எழுந்தது. ஏறத்தாழ ஆறு மாதம் போராடினார். 1095இல் ஒருநாள் வகுப்பில் பேச நாவெழவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்து பயன்படாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். பிள்ளைகளுக்குத் தேவையானதை வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்து, மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு சிரியாவுக்குப் புறப்பட்டார். டமாஸ்கஸ், ஜெருசலேம் என்று பத்தாண்டுக்கு மேல் தனிமையிலும் சூஃபி வழியிலும் கழித்தபின் 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்று நூலில் இவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். டால்ஸ்டாய்க்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னே, அதே உச்சியில், அதே கேள்வி. கஸ்ஸாலி ஐயுற்றது இறைவனை அல்ல, தம் நோக்கத்தின் தூய்மையை. டால்ஸ்டாய்க்கோ அடித்தளமே ஆடியது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் நடந்த மாற்றம் அது.

கிரேக்கமும் சீனமும்

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) எல்லாச் செயலும் ஏதோ ஒரு நன்மையை நோக்கியது என்று தொடங்கி, மற்றொன்றுக்காக அன்றித் தனக்காகவே நாடப்படும் உச்ச நன்மை செழிப்பான நல்வாழ்வு என்றார். அது உணர்ச்சி அல்ல, பண்புநலத்தோடு வாழ்நாள் முழுதும் செயல்படுவது. எபிகியூரஸ் ஏதென்ஸில் தம் தோட்டத்தில் நண்பர்களைக் கூட்டி, மன அமைதியே இன்பம், சாவு வரும்போது நாம் இருக்கமாட்டோம், ஆகவே அஞ்ச ஒன்றுமில்லை என்று கற்பித்தார். அவரைப் போகப்பிரியர் என்பது பழி. அவர் புகழ்ந்தது எளிய உணவையும் நட்பையும். ஸ்தோயிக்குகள் நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிந்து இயற்கையின் அறிவுக்கு இணங்கி வாழ்வதை நோக்கமாக்கினார்கள். அடிமையாயிருந்த எபிக்டீட்டஸும் ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸும் ஒரே பள்ளியினர் என்பது அக்கொள்கைக்குப் பெருமை. சீனத்தில் கன்பூசியஸ் சாவைப் பற்றிய கேள்வியை ஒதுக்கி, மனிதநேயத்தையும் பெற்றோர், அரசு, நண்பர் ஆகியோரிடத்துக் கடமையையும் வலியுறுத்தினார்.

நம்பிக்கை ஆட்டங்கண்ட காலம்

ஷோப்பன்ஹவர் (1788–1860) உலகின் அடியில் இருப்பது குருட்டு வேட்கை, வாழ்க்கை வலிக்கும் சலிப்புக்கும் இடையே ஊசலாடுவது என்றார். பாரசீகம் வழியே லத்தீனுக்குப் போன உபநிடதங்களை வாழ்நாள் முழுதும் போற்றிப் படித்தவர் அவர். நீட்சே (1844–1900) இறைநம்பிக்கை சரிந்தபின் பழைய மதிப்புகளும் சரியும் என்று எச்சரித்து, புதிய மதிப்புகளைப் படைக்கும் துணிவை மனிதனிடம் கேட்டார். 1942இல் ஆல்பர்ட் காம்யு, பாறையை மலையுச்சிக்கு உருட்டி, அது உருண்டு விழ, மீண்டும் உருட்டும்படி சபிக்கப்பட்ட சிசிஃபஸை மனித நிலைக்கு உருவகமாக்கினார். பொருள் இல்லை என்று தெரிந்தும் ஓடிப்போகாமல் உழைப்பதே அவனுடைய கலகம், அவன் மகிழ்ச்சியாய் இருப்பதாக நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் சார்த்தர், மனிதன் முதலில் இருக்கிறான், தான் என்ன என்பதைப் பிறகு தன் செயல்களால் ஆக்கிக்கொள்கிறான் என்று விளக்கினார்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் வதைமுகாமிலிருந்து விடுதலையானவர் வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் (1905–1997). ஆஷ்விட்ஸில் நுழைந்தபோது மேலங்கிக்குள் வைத்திருந்த நூலின் கையெழுத்துப்படி பறிபோனது. மாற்றாகக் கிடைத்த, கொல்லப்பட்ட ஒருவரின் கந்தல் அங்கிப் பையில் யூதர்களின் தலையாய வழிபாட்டு வாசகம் அச்சான ஒரு தாள் இருந்தது. 119104 என்பது அவருக்கு இடப்பட்ட எண். தந்தையும் தாயும் மனைவியும் வெவ்வேறு முகாம்களில் மாண்டார்கள். 1946இல் வெளிவந்த நூலில், வாழ்விடம் நாம் கேள்வி கேட்பதை விட்டு, வாழ்வு ஒவ்வொரு வேளையும் நம்மிடம் கேட்பதற்கு நடத்தையால் விடை தர வேண்டும் என்றார். செய்துமுடிக்கும் பணி, நேசிக்கும் மனிதர், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம் என மூன்று வழிகளில் பொருள் கிடைக்கும் என்பது அவர் நிறுவிய சிகிச்சைமுறையின் அடிப்படை. தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது வீரம் அல்ல என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் டெய்லர் 1970இல் ஒரு சிக்கலை முன்வைத்தார். பாறை உருட்டுவதையே விரும்பும்படி சிசிஃபஸின் மனத்தைத் தேவர்கள் மாற்றிவிட்டால் அவன் வாழ்வு பொருள் உடையதாகிவிடுமா? ஆகிவிடும் என்ற பக்கமே அவர் சாய்ந்தார். சூசன் வுல்ஃப் 2010இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். விருப்பம் மட்டும் போதாது, விரும்பப்படுவது விரும்பத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்றார். வுல்ஃப் பக்கமே நியாயம் இருக்கிறது. தேன்துளியை விரும்பியவனுக்கும் விருப்பத்தில் குறை இல்லை.

தமிழகத்தில் அண்மைக்காலம்

வள்ளலார் (1823–1874) சாதி, சமயச் சண்டைகளை ஒதுக்கி, பசியைப் போக்குவதே உயிரிரக்கத்தின் முதற்பணி, அந்த இரக்கமே வீட்டின் திறவுகோல் என்றார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து அன்னம் வழங்கிவருகிறது. மணிமேகலையின் அமுதசுரபிக்கும் இதற்கும் இடையே சமயம் மாறியிருக்கிறது, விடை மாறவில்லை. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் ஆன்மா, மறுபிறவி, மோட்சம் மூன்றையும் மறுத்தது. இல்லாத மறுமைக்காக இருக்கிற மனிதனை இழிவுபடுத்துவதே பெருந்தீமை, மானமும் அறிவும் தொண்டும் வாழ்வை அளக்கப் போதும் என்பது அதன் வாதம். பழைய பூதவாதியின் குரல் சமுதாய மாற்றத்துக்கான கருவியானது இங்கேதான்.

இத்துறையில் மேலும் படிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகாயதரும் ஆசீவகரும் தாமே எழுதிய நூல் எதுவும் தமிழில் நமக்குக் கிடைக்கவில்லை. உலகாயதத்துக்கு நெருங்கிய பூதவாதத்தைப் பௌத்த நூலாகிய மணிமேகலையும், சமண நூலாகிய நீலகேசியும், உலகாயதத்தைச் சைவ நூலாகிய சிவஞான சித்தியார் பரபக்கமும் எடுத்துரைக்கின்றன. மூன்றும் அவர்களை மறுப்பதற்காக எழுதப்பட்டவை. இந்தப் பகுதிகளைப் படிக்கும்போது, மறுப்புக்கு வசதியாக அக்கட்சி சுருக்கப்பட்டிருக்கலாம் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.